தீபாவளிக்குத் திறக்கலாமா? வடசென்னை தியேட்டர், பார் கேள்வி–பதில்

2021 நவம்பர் 1 முதல் தியேட்டர்களில் எல்லா இருக்கைகளையும் நிரப்பலாம், தனியாக நடக்கும் பார்களையும் திறக்கலாம் என்று தமிழக அரசு அறிவித்தது. அந்த ஆண்டு தீபாவளி நவம்பர் 4. கொரோனா இரண்டாம் அலையில் ஏப்ரல் 26 அன்று பூட்டியவர்களில் சிலர், ஆகஸ்ட் 23-இல் 50 சதவீத அனுமதி கிடைத்தபோதுகூட 'பாதி சீட்டுக்கு கரண்ட் பில்லே கட்டாது' என்று சும்மா இருந்துவிட்டார்கள். அவர்களிடமிருந்து வந்த கேள்விகளுக்கு இந்த இதழில் முதலிடம். புரொஜெக்‌ஷன், ஏசி, சமையல்கூடம் ஆகிய துறைகளின் அனுபவசாலிகள் பதில் தருகிறார்கள்.

ஆறு மாசமா புரொஜெக்டர் கேபின்ல கரண்டே இல்லீங்க. முதலாளி மெயினையே இறக்கி வெச்சுட்டாரு. இப்போ மெயினைத் தூக்கி விட்டா அப்படியே ஓடுமா? முன்னாடி எதாவது பார்க்கணுமா?
– ஆபரேட்டர், தண்டையார்பேட்டை

மெயினை இப்போதைக்குத் தொடாதீர்கள். டார்ச்சை எடுத்துக்கொண்டு கேபிள் போகும் பள்ளத்தையும் ஃபால்ஸ் சீலிங்கின் மேற்புறத்தையும் பாருங்கள். ஆளில்லாத தியேட்டர் எலிக்கும் பெருச்சாளிக்கும் சத்திரம். அடுத்து எலக்ட்ரீஷியனை வைத்து 500 வோல்ட் மெக்கரால் ஒவ்வொரு சர்க்கியூட்டாக இன்சுலேஷன் சோதியுங்கள். 1 மெகா ஓம்முக்குக் கீழே காட்டும் லைனைச் சரிசெய்யாமல் கரண்ட் கொடுக்கக் கூடாது. மெக்கர் போடும் முன் புரொஜெக்டர், சர்வர், ஆம்ப்ளிஃபையர் எல்லாவற்றின் இணைப்பையும் கழற்றிவிட வேண்டும். மறந்தால் போர்டு போய்விடும்.

உங்கள் உண்மையான தலைவலி வயரில் இல்லை, பூட்டிய படத்தைத் திறந்து புரொஜெக்டருக்கு அனுப்பும் மீடியா பிளாக் என்ற பெட்டியில் இருக்கிறது. டிசிஐ (ஹாலிவுட் ஸ்டூடியோக்கள் வகுத்த டிஜிட்டல் சினிமா தரம்) வகை புரொஜெக்டர் என்றால் அந்தப் பெட்டிக்குள் ஒரு சின்ன பேட்டரி உண்டு. கரண்ட் இல்லாத நேரத்தில் உள்ளே இருக்கும் ரகசியச் சாவியையும் கடிகாரத்தையும் காப்பது அதுதான். வாரம் ஒருமுறை சில மணி நேரம் பவர் கொடுத்திருந்தால் பேட்டரிக்குச் சுமை குறைந்திருக்கும். மாதக்கணக்கில் இறக்கி வைத்ததால் அது தீர்ந்திருக்கலாம். தீர்ந்திருந்தால் சாவி அழிந்துவிடும். புதுப் பேட்டரி போட்டாலும் பழைய சாவி திரும்பாது. பெட்டி கம்பெனிக்குப் போகவேண்டும், அல்லது மாற்றுப் பெட்டி வரவேண்டும். பெட்டியின் டிஜிட்டல் சான்றிதழ் மாறுவதால் ஏற்கெனவே வந்த கேடிஎம் (அந்தப் பெட்டிக்கென்றே வரும், படத்தைத் திறக்கும் அனுமதி ஃபைல்) எதுவும் அதில் பொருந்தாது, எல்லாவற்றையும் புதிதாகக் கேட்டு வாங்க வேண்டும். தீபாவளிக்கு முந்தின நாள் இது தெரியவந்தால் ஒன்றும் செய்ய முடியாது. அதனால் இந்த வாரமே பவர் கொடுத்துப் பாருங்கள்.

பேட்டரி தப்பித்திருந்தாலும் கடிகாரத்தைச் சரிபாருங்கள். செல்போன் நேரத்தோடு ஒப்பிட்டு எத்தனை நிமிடம் முன்பின் இருக்கிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். ஒரு ஆண்டுக்கு மொத்தம் 6 நிமிடம்தான் நீங்களாகத் திருத்த முடியும். அதற்கு மேல் விலகியிருந்தால் கம்பெனி ஆள்தான் வரவேண்டும். கேடிஎம் இன்ன தேதி இன்ன மணி முதல் என்று நேரம் போட்டுத்தான் வரும். கடிகாரம் பின்தங்கியிருந்தால், காலை 5 மணிக்கு கேடிஎம் நேரம் தொடங்கினாலும் உங்கள் மெஷின் 'இன்னும் நேரம் ஆகவில்லை' என்று உட்கார்ந்திருக்கும். வெளியே பட்டாசு வெடித்துக்கொண்டிருக்கும்.

விளம்பரமும் டிரெய்லரும் ஓடிவிட்டதென்று நிம்மதி அடைய வேண்டாம். அவை பெரும்பாலும் பூட்டில்லாத ஃபைல்கள், சாவி போன மெஷினிலும் ஓடும். பூட்டிய படம் ஒன்றுக்கு டெஸ்ட் கேடிஎம் வாங்கி 10 நிமிடமாவது ஓட்டிப் பார்த்தால்தான் நம்பலாம். சர்வரில் ரெய்டு (படத்தைப் பல டிஸ்க்குகளில் பிரித்துக் காக்கும் முறை) நிலையையும் கவனியுங்கள். டிஸ்க்குகளில் ஒன்று போனாலும் படம் ஓடும். இரண்டாவதும் போனால் ஏற்றிவைத்த படம் மொத்தமும் போச்சு.

கூலன்ட் மட்டம், ஏர் ஃபில்டர், எக்ஸாஸ்ட் குழாயில் புறாக் கூடு, மூன்றையும் பார்த்த பிறகே லேம்ப்பை எரியவிடுங்கள். லேம்ப் ஹவுஸைத் திறப்பதாக இருந்தால் ஒரு எச்சரிக்கை. செனான் லேம்ப் குளிர்ந்திருக்கும்போதும் உள்ளே கேஸ் அழுத்தத்தில்தான் இருக்கும். கொரோனாவுக்கு வாங்கிய மெல்லிய ஃபேஸ் ஷீல்டு இதற்கு உதவாது. லேம்ப் மாற்றுவதற்கென்றே உள்ள கனமான முகக்கவசமும் கையுறையும் கட்டாயம். குவார்ட்ஸ் கண்ணாடியில் விரல் படக்கூடாது. படிந்த எண்ணெய்ப்பசை சூட்டில் கருகி, அந்த இடத்திலேயே விரிசல் விடும்.

படம் மங்கலாக இருக்கிறது என்று ரசிகர்கள் கத்துகிறார்கள். புது லேம்ப் வாங்கச் சொல்கிறார்கள். வேறு வழி உண்டா?
– மேலாளர், ராயபுரம்

லேம்ப்புக்குப் பணம் கட்டும் முன் கேபின் கண்ணாடியைத் துடையுங்கள். ராயபுரம், காசிமேடு பக்கம் கடல்காற்றில் வரும் உப்பும் துறைமுக லாரிகளின் புழுதியும் சேர்ந்து அந்தக் கண்ணாடியில் பால்போலப் படியும். உள்பக்கம் துடைப்பவர்கள் அரங்கப் பக்கத்தை மறந்துவிடுகிறார்கள். லென்ஸ் துடைக்கும் துணியும் ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலும் போதும். சட்டைத் துணி வேண்டாம், கீறல் விழும்.

அப்புறம் கணக்கு. திரையின் நடுவில் 14 ஃபுட்லாம்பர்ட் வெளிச்சம் வேண்டும். உங்கள் திரை 40 அடிக்கு 17 அடி என்றால் 680 சதுர அடி. 14-ஆல் பெருக்கினால் 9,520 லூமன். இது சாதாரண வெள்ளைத் திரையில் வந்து விழவேண்டிய அளவு. லென்ஸிலும் கண்ணாடியிலும் இழப்பு உண்டு என்பதால் புரொஜெக்டர் இதற்கு மேலேயே கொடுக்க வேண்டும். லேம்ப்பின் மணிக்கணக்கு வாரன்டி எல்லையைத் தாண்டியிருந்தால் மாற்றுவதைத் தவிர வழியில்லை. வெளிச்சம் குறைவதைவிட, பழைய லேம்ப் வெடித்து ரிஃப்ளெக்டரையும் சேர்த்து உடைப்பதுதான் பெரிய செலவு.

திரையில் கீழ்ப்பகுதியில் பூஞ்சை. சவுண்டும் இடது பக்கம் கரகரக்கிறது.
– திருவொற்றியூர் வாசகர்

வெள்ளைத் திரை என்றால் மென்மையான பிரஷ் மாட்டிய வாக்குவம் கிளீனரால் காய்ந்த பூஞ்சையை உறிஞ்சி எடுங்கள். பிறகும் கறை இருந்தால் ஓரத்தில் உள்ளங்கை அளவு இடத்தில் மட்டும் ஈரத் துணியால் ஒற்றிப் பாருங்கள், தேய்க்காதீர்கள். 3டிக்காகப் போட்ட சில்வர் ஸ்கிரீனில் அந்தச் சோதனைகூட வேண்டாம். பூச்சு உரிந்தால் அந்த இடம் எல்லாக் காட்சியிலும் கறுப்புத் தேமல்போலத் தெரியும். ஸ்கிரீனின் பின்சுவர் ஈரமாக இருக்கிறதா என்று பாருங்கள். ஐப்பசி மழையில் அந்தச் சுவர் கசிந்தால் பூஞ்சை மறுபடியும் வரும்.

கரகரப்புக்கு ஸ்பீக்கர் கோனைச் சுற்றியுள்ள ஃபோம் காரணமாக இருக்கலாம். விரலால் லேசாகத் தொட்டால் பொடியாக உதிர்ந்தால் முடிந்தது. வூஃபரை ரீ-கோன் செய்யக் கொடுங்கள். ஃபோம் நன்றாக இருந்தால் ஆம்ப்பிலிருந்து ஸ்பீக்கருக்குப் போகும் இடது, வலது வயர்களை ஆம்ப் முனையில் மாற்றி மாட்டிப் பாருங்கள். கரகரப்பு வலப்பக்கம் தாவினால் கோளாறு ஆம்ப்பிலோ அதற்கு முந்தியோ இருக்கிறது. இடத்திலேயே நின்றால் ஸ்பீக்கரோ அதன் வயரோ. சரிசெய்தபின் ஃபேடரை (ஒலியளவுக் கட்டுப்பாடு) 7-இல் வைத்து பிங்க் நாய்ஸ் (சோதனை இரைச்சல்) விட்டு, ஸ்கிரீன் பக்க சேனல் ஒவ்வொன்றும் ஒலி மீட்டரின் சி வெயிட்டிங்கில் 85 டெசிபல், சரவுண்ட் ஒவ்வொரு பக்கமும் 82 என்று அமையுங்கள்.

ஏசி போட்டதும் நாறுகிறது. ரூம் ஃப்ரெஷ்னர் போதுமா?
– வண்ணாரப்பேட்டை

போதாது. நாற்றம் காயிலிலும் டிரெயின் தட்டிலும் இருக்கிறது. தட்டைக் கழுவி, குழாய் அடைப்பை எடுத்து, ஃபில்டரை மாற்றுங்கள். டாய்லெட்டையும் பாருங்கள். தரை ஜாலிக்குக் கீழே வளைவில் நிற்கும் தண்ணீர் வற்றிப்போனால் சாக்கடைக் காற்று நேராக ஹாலுக்குள் வரும். ஒவ்வொரு ஜாலியிலும் ஒரு வாளி தண்ணீர் ஊற்றினால் பாதி நாற்றம் அன்றைக்கே போய்விடும்.

பெரிய கம்ப்ரெசர் உள்ளவர்கள் ஒன்றைக் கவனியுங்கள். நீண்ட நாள் நின்ற கம்ப்ரெசரில் கேஸ் ஆயிலில் கரைந்து கிடக்கும். உடனே ஸ்டார்ட் செய்தால் ஆயில் நுரைத்துப் பொங்கி வெளியேறும், பேரிங் காய்ந்து தேயும். ஆயிலைச் சூடாக்கும் க்ராங்க்கேஸ் ஹீட்டருக்கு 24 மணி நேரம் முன்பே கரண்ட் கொடுத்துவிட்டு அப்புறம் ஓட்டுங்கள். செட்டிங் 24 முதல் 30 டிகிரி, ஈரப்பதம் 40 முதல் 70 சதவீதம் என்பது 2020 அக்டோபரில் கொரோனாவுக்காக மத்திய அரசு தியேட்டர்களுக்குத் தந்த நெறிமுறை. அதைவிட முக்கியம் வெளிக்காற்று. கரண்டை மிச்சம் பிடிக்க ஃப்ரெஷ் ஏர் டாம்பரை (வெளிக்காற்று வரும் வழி) தகரம் வைத்து அடைத்தவர்கள் அந்தத் தகரத்தைப் பிடுங்கி எறியுங்கள்.

எல்லா சீட்டிலும் ஹைப்போ அடிக்கலாமா?
– கொருக்குப்பேட்டை

வேண்டாம். ஹைப்போ (சோடியம் ஹைப்போகுளோரைட் கிருமிநாசினி) பட்டால் ரெக்சின் வெளுக்கும், இரும்புக் கால் துருப்பிடிக்கும். 1 சதவீத ஹைப்போ தரைக்கும் டாய்லெட்டுக்கும்தான். கடையில் கிடைப்பது 5 சதவீதம் என்றால் 1 லிட்டருக்கு 4 லிட்டர் தண்ணீர், 10 சதவீதம் என்றால் 9 லிட்டர். அன்றன்று கலக்குங்கள். டாய்லெட் ஆசிட்டோடு சேர்த்தால் குளோரின் வாயு கிளம்பும், மூச்சு முட்டும். சீட்டின் கைப்பிடிக்கு சோப்புத் தண்ணீர்த் துணி போதும்.

கேன்டீனில் 20 கிலோ பாப்கார்ன் சோளம் மீதி இருக்கிறது. போட்டால் பாதி பொரியவில்லை.
– கேன்டீன் குத்தகைதாரர், வியாசர்பாடி

சோளம் காய்ந்துவிட்டது. உள்ளே 13, 14 சதவீத ஈரம் இருந்தால்தான் ஆவியாகி வெடிக்கும். வண்டு விழுந்திருந்தால் கொட்டிவிடுங்கள். இல்லையென்றால் 1 கிலோவுக்கு 20 மில்லி தண்ணீர் தெளித்து, மூடிபோட்ட டப்பாவில் குலுக்கி, 3 நாள் வைத்து, தினம் இருமுறை குலுக்குங்கள். ஒரு கைப்பிடி பொரித்துப் பார்த்துவிட்டு மீதியைச் செய்யுங்கள். மீந்த எண்ணெயை மட்டும் காப்பாற்ற நினைக்காதீர்கள், சிக்கு வாடை அடித்தால் வெளியே ஊற்றிவிடுங்கள்.

டாஸ்மாக் பார் ஏலம் எடுத்திருக்கோம். தகர ஷெட், ஒரே கதவு. திறக்கிறதுக்கு முன்னாடி என்னென்ன பண்ணணும் சார்?
– எண்ணூர் நெடுஞ்சாலை வாசகர்

முதலில் கேஸ். 19 கிலோ சிலிண்டரின் ரப்பர் குழாயை எலி கடித்திருக்கும், அல்லது வெயிலில் வெடித்திருக்கும். பழசைத் தூக்கிப்போட்டுப் புதிது மாட்டி, சோப்பு நுரை தடவிப் பாருங்கள். தீக்குச்சி கொளுத்திப் பார்க்கும் பழக்கம் இன்னும் சில இடங்களில் இருக்கிறது. தயவுசெய்து வேண்டாம்.

அடுத்தது காற்று. ஷெட் 20 அடிக்கு 15 அடி, உயரம் 10 அடி என்றால் 3,000 கன அடி. மணிக்கு 12 முறை காற்று மாறவேண்டும் என்று வைத்தால் நிமிடத்துக்கு 600 கன அடி வெளியேற வேண்டும். 12 அங்குல எக்ஸாஸ்ட் ஃபேன் ஒன்று அட்டைப் பெட்டியில் அந்த அளவைக் காட்டலாம். வலையும் பிசுக்கும் சேர்ந்தால் பாதிதான் தரும். இரண்டு போடுங்கள். கதவுக்கு எதிர்ச் சுவரில் போடுங்கள், கதவுக்குப் பக்கத்தில் போட்டால் வந்த காற்றே திரும்பிப் போகும், மூலையில் உட்கார்ந்தவருக்கு ஒன்றும் வராது. இந்த விஷயத்தில் ஏசி பாரைவிட உங்கள் தகர ஷெட்டே தேவலை.

டம்ளர் கழுவ மூன்று தொட்டி: சோப்பு, நல்ல தண்ணீர், பிறகு 10 லிட்டருக்கு 5 சதவீத ஹைப்போ 20 மில்லி கலந்தது. ஒரு நிமிடம் மூழ்கி, கவிழ்த்துத் தானாகக் காயட்டும். பிளாஸ்டிக் டம்ளரும் வாட்டர் பாக்கெட்டும் 2019 ஜனவரி 1 முதல் தடை. மாநகராட்சி வந்தால் சரக்கும் போகும், அபராதமும் விழும்.

ஓட்டல் பப்பில் டேப் பீர் பொறுப்பு என்னுடையது. லைனில் பழைய பீர் அப்படியே நிற்கிறது. தண்ணீர் விட்டுக் கழுவினால் போதுமா?
– பெரம்பூரில் வசிக்கும் பார்டெண்டர்

போதாது. குழாய்ச் சுவரில் ஈஸ்ட் படலம் ஒட்டியிருக்கும். பழைய கெக்கைக் (பீர் பீப்பாயை) கணக்கில் கழித்துவிட்டு, லைனைத் தண்ணீரால் தள்ளி, 2 சதவீத காஸ்டிக் கரைசலை பம்ப் வைத்து 15 நிமிடம் சுழலவிடுங்கள். பம்ப் இல்லையென்றால் 20 நிமிடம் ஊறவிடுங்கள். பிறகு பிஎச் தாளில் குழாய்த் தண்ணீரின் நிறமே வரும்வரை கழுவுங்கள். இது நடக்காமல் ஊற்றிக் கொடுத்தால் வாடிக்கையாளரின் தொண்டை வெந்துவிடும். டேப் தலையைக் கழற்றித் தனியாகக் கழுவுங்கள், கெக் கப்ளரையும். இத்தனை மாதம் நின்ற லைனில் பழைய வினைல் குழாய் இருந்தால் மாற்றுவதே மலிவு. அடைத்த அறையில் கார்பன் டை ஆக்சைடு சிலிண்டர் கசிந்திருந்தால் வாயு தரையோடு தங்கும். கதவைத் திறந்து வைத்து, ஃபேனைப் போட்டு, பிறகு உள்ளே போங்கள்.

மனைவிக்கு ஆஸ்துமா. தீபாவளிப் படத்துக்குக் கூட்டிப் போகலாமா?
– மணலி வாசகர்

இரண்டாவது கொரோனா ஊசி போட்டு 2 வாரம் ஆகியிருந்தால், முதல் வாரக் கூட்டம் அடங்கியபின், வேலை நாளில் மதியக் காட்சிக்குப் போங்கள். என்95 மாஸ்க் போதும், இடைவேளையில் கேன்டீன் வரிசையில் நிற்க வேண்டாம். இன்ஹேலரைக் கைப்பையில் போடாமல் சட்டைப் பையிலேயே வைத்துக்கொள்ளுங்கள். உள்ளே நுழைந்ததும் ஃபினாயில் நெடி மூக்கைத் துளைத்தால், டிக்கெட் காசு போனாலும் பரவாயில்லை, திரும்பிவிடுங்கள். அந்த நெடியே அவருக்கு இழுப்பைக் கிளப்பும்.