கிராஃபிக் நாவலை, அதாவது காமிக்ஸ் வடிவில் வரும் நீண்ட நூலை, விமர்சகர்கள் உண்மையிலேயே இலக்கியமாக ஏற்றுக்கொண்டுவிட்டார்களா?

பாதி ஏற்றுக்கொண்டார்கள் என்றுதான் சொல்வேன். கதையைப் பாராட்டிப் பக்கம் பக்கமாக எழுதுகிறார்கள், படத்தைப் பற்றிக் கேட்டால் 'கறுப்பு வெள்ளையில் உருக்கமாக வரைந்திருக்கிறார்' என்று ஒரு வரியோடு நகர்ந்துவிடுகிறார்கள். எனக்கு இதில் நிஜமான வருத்தம் உண்டு. நான் திரும்பத் திரும்பப் படித்த ஆர்ட் ஸ்பீகல்மனின் 'மவுஸ்' நூலை வைத்தே சொல்கிறேன்.

படிக்காதவர்களுக்காக: ஸ்பீகல்மனின் அப்பா விளாடெக், அம்மா அன்யா இருவரும் போலந்து யூதர்கள், நாஜிகளின் ஆஷ்விட்ஸ் வதை முகாமிலிருந்து உயிர் பிழைத்தவர்கள். அப்பாவிடம் கேட்டுக் கேட்டுப் பதிவு செய்ததை மகன் காமிக்ஸாக வரைந்தார். யூதர்கள் எலி, ஜெர்மானியர்கள் பூனை, யூதரல்லாத போலந்துக்காரர்கள் பன்றி. ஸ்பீகல்மனும் அவர் மனைவி பிரான்சுவாஸ் மூலியும் நடத்திய 'ரா' என்ற மாற்று காமிக்ஸ் பத்திரிகையில் 1980-லிருந்து தொடராக வந்து, முதல் பாகம் 1986-இலும் இரண்டாம் பாகம் 1991-இலும் புத்தகமாயின.

இரண்டாம் பாகம் வந்தபோது நியூயார்க் டைம்ஸ் அதைத் தன் விற்பனைப் பட்டியலில் புனைவு என்று போட்டது. எலி பேசுகிறது, அப்புறம் எப்படி உண்மைக் கதையாகும் என்று நினைத்திருக்கலாம். ஸ்பீகல்மன் கடிதம் எழுதிய பிறகுதான் அபுனைவுக்கு மாற்றினார்கள். 1992-இல் அமெரிக்காவின் புலிட்சர் பரிசு கிடைத்தது, அதுவும் வழக்கமான பிரிவில் இல்லை, 'சிறப்பு' விருதாக. 2018-இல் நிக் டிர்னாசோவின் 'சப்ரினா' என்ற கிராஃபிக் நாவல் புக்கர் பரிசின் நெடும்பட்டியலில் வந்தது, 2025-இல் டெஸ்ஸா ஹல்ஸின் 'ஃபீடிங் கோஸ்ட்ஸ்' மற்ற நூல்களோடு போட்டியிட்டு நினைவுக்குறிப்புப் பிரிவிலேயே புலிட்சர் வாங்கியது. ஒரு கிராஃபிக் நாவல் இப்படி வழக்கமான பிரிவுக்குள் வந்து உட்கார 33 வருடம் ஆகியிருக்கிறது.

சரி, படத்துக்கு வருகிறேன். முதல் பாகத்தில் ஒளிய இடமில்லாமல் விளாடெக்கும் அன்யாவும் நடந்துபோகிற ஒரு படக் கட்டம் வரும், அவர்கள் முன்னால் பாதைகள் பிரிகின்றன, உற்றுப் பார்த்தால் அந்தப் பாதைகளே நாஜிகளின் ஸ்வஸ்திகா வடிவம். எந்தப் பக்கம் போனாலும் அதற்குள்தான். இதை ஒரு வார்த்தைகூட சொல்வதில்லை, படம் மட்டும்தான் சொல்கிறது. வசனத்தை மட்டும் பிடித்துக்கொண்டு ஓடிய முதல் வாசிப்பில் நானும் அதைத் தவறவிட்டேன்.

பன்றி விஷயமும் அப்படித்தான். 2001-இல் போலிஷ் மொழிபெயர்ப்பு வந்தபோது எதிர்ப்பாளர்கள் புத்தகத்தை எரித்தார்கள். அவர்களுடைய கோபம் புரியாமல் இல்லை. ஆனால் விளாடெக் போலந்துக்காரர் வேஷத்தில் தெருவில் போகும்போது எலி முகத்தின் மேல் பன்றி முகமூடியைக் கட்டியிருப்பார், இரண்டாம் பாகத்தில் ஸ்பீகல்மனே எலி முகமூடி கட்டிய மனிதராக உட்கார்ந்திருப்பார், அதாவது இந்த விலங்கு முகங்கள் எல்லாமே மேலே மாட்டப்பட்டவை என்று அவர் வரைந்தே காட்டிவிடுகிறார்.

2022 ஜனவரியில் அமெரிக்காவின் டென்னசி மாநிலத்தில் மெக்மின் கவுண்டி பள்ளி வாரியம், சில கெட்ட வார்த்தைகளையும் ஒரு நிர்வாணப் படத்தையும் காரணம் காட்டி, எட்டாம் வகுப்புப் பாடத்திலிருந்து 'மவுஸ்' நூலை நீக்கியது. உலகம் முழுக்கச் செய்தி, விற்பனை எகிறியது. தடை சரியா தப்பா என்ற விவாதம் போதும் போதும் என்கிற அளவுக்கு நடந்தது. அந்தப் படம் எது? தற்கொலை செய்துகொண்ட அம்மா அன்யா குளியல் தொட்டியில் கிடக்கும் சின்னக் கட்டம். 'மவுஸ்' புத்தகமாவதற்குப் பல வருடம் முன்பே ஸ்பீகல்மன் வரைந்த நான்கு பக்கக் காமிக்ஸை அப்படியே உள்ளே வைத்திருக்கிறார். அங்கே எலியும் இல்லை பூனையும் இல்லை, மனித முகங்கள், கீறிக் கீறி வரைந்த கோடுகள், சுற்றிலும் கறுப்பு ஓரம். எல்லா மரணத்தையும் எலி முகத்தோடு வரைந்தவர், தன் அம்மா மரணத்துக்கு மட்டும் ஏன் முகமூடியைக் கழற்றினார்? அந்தச் சமயம் நான் படித்த கட்டுரைகளில் ஒன்றுகூட இதைக் கேட்கவில்லை.