மூன்று வயதுக் குழந்தையுடன் கல்லடி இசை நிகழ்ச்சிக்கு

சகோதரி, மட்டக்களப்பின் கல்லடிக் கடற்கரையில் நடக்கும் இசைக்குழு நிகழ்ச்சிக்கு நண்பர்கள் முன்வரிசையில் இடம் பிடித்திருக்கிறார்கள், மூன்று வயது மகளையும் மாமியாரையும் அங்கே உட்கார வைக்கலாமா என்று கேட்டிருந்தீர்கள். கட்டாயம் போங்கள். முன்வரிசை மட்டும் வேண்டாம்.

என் மகளோடு ஒருமுறை ஸ்பீக்கருக்கு நேரெதிரே உட்கார்ந்தேன். ட்ரம்ஸ் அடிக்கும்போதெல்லாம் கதிரையில் வைத்த தண்ணீர்ப் போத்தல் அதிர்ந்தது. பிள்ளை இரண்டு காதையும் பொத்திக்கொண்டு என் மடியில் முகம் புதைத்துவிட்டாள். இன்றும் அதை நினைத்தால் மனம் வலிக்கிறது.

திறந்த வெளியில் தூரம் இரட்டிப்பாகும்போது ஒலி ஏறத்தாழ 6 டெசிபல் குறையும். 10 மீற்றரிலிருந்து 40 மீற்றருக்குப் பின்வாங்கினாலே 12 டெசிபல் குறைந்துவிடும். பாட்டு அங்கும் தெளிவாகக் கேட்கும். காதில் பஞ்சு வைப்பது போதாது; சிறுவர்களுக்கான, காதை முழுதாக மூடும் இரைச்சல் தடுப்பான் வாங்குங்கள்.

மாமியாரின் பிளாஸ்டிக் கதிரைக் கால்கள் மணலில் புதையும், அடியில் ஒரு பலகைத் துண்டு போடுங்கள். நகரப் பக்கம் திரும்புவதானால் கடைசி இரண்டு பாட்டுக்கு முன்பே எழுந்துவிடுங்கள். முடிந்ததும் எல்லோரும் கல்லடிப் பாலத்துக்குத்தான் வருவார்கள், தூங்கும் பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு அந்த நெரிசலில் நிற்பது பெரும்பாடு. நண்பர்கள் கோபித்தால் இடைவேளையில் போய்ப் பார்த்துப் பேசிவிட்டு வாருங்கள்.