பறவை நோக்குவோர் தாங்கள் பார்த்தவற்றைப் பதியும் ஈபேர்ட் (eBird) தளத்தில் பறவைகளின் இனப்பெருக்கத்தைப் பதிவது எப்படி? கூட்டைத் தேடிப் போக வேண்டுமா?

தேட வேண்டியதில்லை. இனப்பெருக்கப் பதிவுகளுக்குச் ‘சாத்தியம்’, ‘அநேகமாக’, ‘உறுதி’ என்று படிநிலைகள் உண்டு. கூட்டைப் பார்க்காமலேயே மிக வலுவான ‘உறுதி’ நிலைப் பதிவு தரலாம். புழுவைக் கவ்விக்கொண்டு ஒரே புதருக்குள் திரும்பத் திரும்ப நுழையும் சின்னான், குஞ்சின் வெள்ளை எச்சப் பையைத் தூக்கிக்கொண்டு வெளியேறும் மைனா, குட்டை வாலும் மஞ்சள் வாயோரமுமாகச் சிறகை நடுக்கி இரை கேட்கும் குஞ்சு: இவற்றில் ஏதாவது ஒன்று கண்ணில் பட்டாலே போதும்.

செயலியில் பறவையின் பெயரைத் தொட்டு விவரப் பக்கத்துக்குப் போனால் இனப்பெருக்கக் குறியீடு இருக்கும். ஒரு பட்டியலில், அதாவது ஒரு நடையில் பார்த்த பறவைகளின் பதிவில், ஓர் இனத்துக்கு ஒரே குறியீடுதான். பார்த்தவற்றில் வலுவானதைத் தேர்ந்தெடுங்கள். பட்டியலின் தூரத்தைக் குறைவாக வையுங்கள். ஏரிக்கரைக்கு ஒன்று, தோப்புக்கு ஒன்று என்று பிரித்துப் போடுவது நல்லது. 5 கிலோமீட்டர் நடையை ஒரே பட்டியலாக்கினால், குஞ்சு எந்த இடத்தில் இருந்தது என்பதே தெரியாமல் போய்விடும்.

ஏற்ற வாழிடத்தில் ஓர் ஆண் பாடினால் ‘சாத்தியம்’. அதே இடத்தில் குறைந்தது 7 நாள் இடைவெளியில் மறுபடியும் பாடினால் ‘அநேகமாக’. அதனால் புதுப்புது இடங்களுக்கு ஓடுவதைவிட வாரம் ஒருமுறை ஒரே வழியில் நடப்பதுதான் இந்த வேலைக்குப் பயன்படும். வலசைப் பறவைகளிடம் மட்டும் கவனம் தேவை. பிளித் நாணல் கதிர்குருவி ஊர் திரும்பும் முன் இங்கேயே பாடக்கூடும். அதற்குக் குறியீடு போடக் கூடாது.

பிழை அதிகம் நேர்வது ‘இரை சுமத்தல்’ குறியீட்டில். காகமும் பருந்தும் தாங்கள் தின்னவே இரையைத் தூக்கிக்கொண்டு பறக்கும். மீன்கொத்தியின் அலகில் மீனின் தலை வெளிப்பக்கம் நீண்டிருந்தால் அது இன்னொரு பறவைக்கு. தானே விழுங்குவதென்றால் தலை தொண்டைப் பக்கம் இருக்கும். இன்னொரு பறவைக்குத்தான் என்றாலும் அது குஞ்சாக இல்லாமல் இணையாகவும் இருக்கலாம். கரைப் பொந்துக்குள் மீனோடு நுழைகிறதா என்று பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள். செம்மார்புக் குக்குறுவான் இரவு தங்கவும் பொந்து குடையும், அதனால் குடைவதை மட்டும் வைத்து ‘உறுதி’ என்று முடிவு செய்யாதீர்கள். ஆள்காட்டி யாரைப் பார்த்தாலும் கத்தும், அதை வைத்தும் ‘உறுதி’ போட்டுவிடாதீர்கள். காகம் குயில் குஞ்சுக்கு ஊட்டினால், காகத்துக்குக் குஞ்சூட்டும் குறியீடு, குயிலுக்கு அண்மையில் கூடு விட்ட குஞ்சுக்கான குறியீடு. நடந்ததைக் குறிப்பில் எழுதிவிடுங்கள்.

தூக்கணாங்குருவிக் குடியிருப்பில் கூடுகளை எண்ணி, அத்தனை ஜோடிகள் என்று எழுதுகிறவர்கள் நிறைய. அந்தக் கணக்கு தவறு. ஆண் பாதி கட்டிய கூட்டில், ‘ஹெல்மெட்’ என்று பறவையாளர்கள் சொல்லும் கட்டத்தில், பெண் வந்து பார்வையிடும். பிடித்திருந்தால்தான் முட்டை அறையும் குழாய் வாயிலும் முழுமையாகும். அதன்பின் ஆண் அடுத்த கூட்டைத் தொடங்கி இன்னொரு பெண்ணை அழைக்கும். பிடிக்காத கூடுகள் அரைகுறையாகவே தொங்கும். போன பருவத்துக் கூடுகளும் அதே பனையில் மிச்சமிருக்கும். அவற்றில் வெண்தொண்டைச் சில்லைகள் குடியேறுவதும் உண்டு. ஆகவே பசுமையான புதுக் கூடுகள், காய்ந்த பழையவை, ஹெல்மெட் நிலையில் உள்ளவை, குழாயோடு முடிந்தவை, இரையோடு பெண் நுழைபவை என்று தனித்தனியாக எண்ணிக் குறிப்பில் எழுதுங்கள். கூடு கட்டுவதைப் பார்த்தால் அதற்கான குறியீடு சரிதான். குஞ்சு இருப்பதாகச் சொல்ல அது போதாது.

தற்செயலாகக் கூடு கண்ணில் பட்டால் நிற்காமல் நடந்து, தள்ளிப் போய் பைனாகுலரில் பாருங்கள். இலையை விலக்குவது, கிளையை வளைப்பது, செல்போனை உள்ளே நீட்டுவது எதுவும் வேண்டாம். நீங்கள் கிளறிய இடத்தைக் காகமும் செண்பகமும் கவனித்துக்கொண்டிருக்கும். வெயில் ஏறியபின் ஆள்காட்டியை எழுப்பிவிட்டால் வெறுந்தரையில் கிடக்கும் முட்டை சீக்கிரமே சூடேறிவிடும். 1972ஆம் ஆண்டு வனஉயிரினப் பாதுகாப்புச் சட்டம் ‘வேட்டை’ என்பதன் வரையறைக்குள்ளேயே பறவைகளின் முட்டையையும் கூட்டையும் தொந்தரவு செய்வதைச் சேர்த்திருக்கிறது. கூட்டுப் படத்தைப் பதிவேற்றாதீர்கள். இருப்பிடத்தையும் மரத்தின் மேல் புள்ளி வைக்காமல் ஏரியின் பெயரளவில் கொடுங்கள். ஆய்வுக்கு அந்தத் துல்லியம் போதும்.