பத்துக் காலைகள் மருந்தகத்தில் நிற்கட்டும்

அருப்புக்கோட்டைப் பக்கத்துக் கிராமம் ஒன்றிலிருந்து ஒரு தாய் எழுதியிருக்கிறார்:

"என் மகள் அரசுப் பள்ளியில் பிளஸ் 2 உயிரியல் பிரிவில் படிக்கிறாள். சின்ன வயதிலிருந்தே நாய்க்குட்டி, ஆட்டுக்குட்டி என்று எதையாவது மடியில் வைத்துக்கொண்டுதான் இருப்பாள். கால்நடை மருத்துவம்தான் படிப்பேன் என்கிறாள். 'பெண் பிள்ளை மாட்டுக்குப் பிரசவம் பார்ப்பாளா?' என்று அவள் அப்பா தயங்குகிறார். நீட் எழுத வேண்டுமா? இடம் கிடைக்காவிட்டால் விலங்குகளோடு வேலை செய்ய வேறு வழி உண்டா? இதில் பிழைப்பு நடக்குமா?"

அம்மா, உங்கள் நான்கு கேள்விகளுக்கும் பதில் சொல்கிறேன். அதற்கு முன் மகளுக்கு ஒரு வேலை தருகிறேன். அரையாண்டு விடுமுறையில், உங்கள் ஊருக்குப் பக்கத்தில் உள்ள அரசு கால்நடை மருந்தகத்துக்குத் தொடர்ந்து பத்து நாள் காலையில் போகட்டும். மருத்துவரிடம் அனுமதி கேட்டுவிட்டு ஓரமாக நின்று பார்க்கட்டும். எதையும் தொட வேண்டாம். முப்பது ஆண்டுகள் கால்நடை மருத்துவராக அரசுப் பணியில் இருந்து ஓய்வு பெற்றவள் நான். விலங்குகள்மேல் பிரியம் என்று இந்தப் படிப்புக்கு வந்து, இரண்டாம் ஆண்டிலேயே முகம் வாடிப்போன பிள்ளைகளைப் பார்த்திருக்கிறேன். பிரியம் பொய்யில்லை. வேலை எப்படி இருக்கும் என்று அவர்களுக்கு யாரும் காட்டவில்லை, அவ்வளவுதான்.

அந்தப் பத்து நாளில் அவள் பார்க்கப்போவதில் பாதி, மடியில் வைத்துக் கொஞ்சும் விலங்குகள் அல்ல. சினை ஊசிக்கு வரும் பசுக்கள், குடற்புழு நீக்க மருந்துக்கு வரும் செம்மறிக் கூட்டம், மடிவீக்கம் வந்து கையை வைக்கவிடாமல் உதைக்கும் கறவை மாடு, கழிந்து கழிந்து துவண்ட நாய்க்குட்டி. சாணம், சீழ், இரத்தம், நஞ்சுக்கொடி அழுகிய நாற்றம். முதல் நாள் குமட்டும். அது ஒரு குறையே இல்லை, எனக்கும் குமட்டியது. ஐந்தாம் நாள் அந்த நாற்றத்தையும் மீறி 'இந்த மாட்டுக்கு என்ன ஆனது?' என்று அவள் எட்டிப் பார்க்கிறாளா என்பதைக் கவனியுங்கள். பார்த்தால், இந்தத் தொழில் அவளைப் பிடித்துக்கொண்டது என்று நம்பலாம்.

இன்னொன்றையும் அவள் பார்க்க வேண்டும். நோயாளி விலங்குதான். ஆனால் எங்கே வலிக்கிறது, எப்போதிருந்து தீவனம் எடுக்கவில்லை, வீட்டில் என்ன கை வைத்தியம் செய்தீர்கள் என்று நாம் கேட்பதும், சொல்வதும், ஆறுதல் தருவதும் மனிதரிடம். ஆட்டின் விலையைவிட வைத்தியச் செலவு கூடும்போது என்ன செய்வது என்று ஒரு பாட்டி கேட்பார். அதற்குப் புத்தகத்தில் பதில் கிடையாது. மனிதர்களோடு பேசப் பிடிக்காததால் விலங்குகளோடு இருக்க விரும்புகிறேன் என்று சொல்லும் பிள்ளைகளுக்கு இந்த மருத்துவம் ஒத்துவராது.

இனி, அவள் அப்பாவின் தயக்கத்துக்கு வருகிறேன். நான் பணியில் சேர்ந்த புதிதில், இரவு பத்து மணிக்கு ஒரு கிராமத்துக்கு அழைத்துப் போனார்கள். தலைச்சன் பசு. மாலையிலேயே பனிக்குடம் உடைந்துவிட்டது. வெளியே இரண்டு கால்கள் மட்டும் தெரிந்தன. நான்கு ஆண்கள் கயிறு கட்டி இழுத்து ஓய்ந்திருந்தார்கள். என்னைப் பார்த்ததும் வீட்டுக்காரர், "டாக்டர் வரலையாம்மா?" என்றார். அவர்மேல் எனக்குக் கோபம் வரவில்லை. அந்த வீட்டுக்கு இருந்த ஒரே பசு அது. கையை உள்ளே விட்டுப் பார்த்தபோது கன்றின் தலை பக்கவாட்டில் மடங்கி விலாவோடு ஒட்டிக் கிடந்தது. அந்த நிலையில் ஊரே சேர்ந்து இழுத்தாலும் கன்று வராது. தாயின் கருப்பைதான் கிழியும்.

செய்ய வேண்டியது நேர் எதிரானது. வால் அடியில் தண்டுவடத்துக்கு மரத்துப்போகும் ஊசி போட்டு, முக்கலைத் தணித்து, வழவழப்பு திரவம் விட்டு, கன்றை முதலில் உள்ளே தள்ள வேண்டும். தள்ளினால்தான் தலையைத் திருப்ப இடம் கிடைக்கும். தாடையைப் பிடித்துத் திருப்பும்போது கன்றின் பற்கள் கருப்பைச் சுவரைக் கீறாதபடி உள்ளங்கையால் மூடிக்கொள்ள வேண்டும். பிறகு பசு முக்கும்போது மட்டும், கீழ்நோக்கிச் சரித்து இழுக்க வேண்டும். முக்கால் மணி நேரம் ஆனது. கன்று உயிரோடு வந்தது. அந்த வீட்டிலிருந்து அடுத்த முறை ஆள் அனுப்பியபோது 'டாக்டரம்மா இருக்காங்களா?' என்றுதான் கேட்டார்கள்.

இதில் உடல் பலத்தின் பங்கு சிறியது. அமைப்பு தெரிந்த கையும் பொறுமையும்தான் பெரும்பங்கு. வெள்ளாட்டுக்கும் செம்மறிக்கும் பிரசவம் பார்க்கும்போது சின்னக் கை ஒரு வரம். பெரிய கை உள்ளேயே போகாது. இன்று கால்நடை மருத்துவக் கல்லூரி வகுப்பறைகளில் பெண்கள் நிறையவே இருக்கிறார்கள். இதை அவள் அப்பாவிடம் சொல்லுங்கள். முடிந்தால் அவரையும் ஒருநாள் மருந்தகத்துக்கு அனுப்புங்கள். இரவு அழைப்புக்குத் தனியாகப் போவது பற்றி அவர் கவலைப்பட்டால் அது நியாயமான கவலை. உதவியாளரோடு போவது, அழைத்தவர் வீட்டிலேயே வாகனம் ஏற்பாடு செய்யச் சொல்வது என்று நாங்கள் வழக்கங்களை வைத்திருந்தோம்.

சேர்க்கை விஷயம். தமிழ்நாட்டில் இந்தப் படிப்பை நடத்துவது 1989இல் தொடங்கப்பட்ட தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகம். சென்னை வேப்பேரியில் 1903இல் தொடங்கிய கல்லூரிதான் மூத்தது. நாமக்கல், திருநெல்வேலி, ஒரத்தநாடு, தலைவாசல், உடுமலைப்பேட்டை, தேனி ஆகிய இடங்களிலும் கல்லூரிகள் இருக்கின்றன. மாநில ஒதுக்கீட்டு இடங்களுக்கு நீட் தேவையில்லை. பிளஸ் 2இல் உயிரியல், இயற்பியல், வேதியியல் பாடங்களில் எடுத்த மதிப்பெண்களைக் கொண்டு 200க்குக் கணக்கிடும் கட்-ஆஃப்தான் முடிவு செய்யும். தனியாக விலங்கியல், தாவரவியல் படித்தவர்களும் விண்ணப்பிக்கலாம். அகில இந்திய ஒதுக்கீட்டுக்குப் போகும் 15 சதவீத இடங்களுக்கு மட்டும் நீட் மதிப்பெண் வேண்டும். அதனால் அவள் நீட் எழுதினால் இன்னொரு கதவு திறக்கும்; எழுதாவிட்டாலும் பெரிய கதவு திறந்தே இருக்கிறது.

உங்கள் மகள் அரசுப் பள்ளி மாணவி என்பதை நீங்கள் போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்கள். அது சாதாரணச் செய்தி அல்ல. ஆறாம் வகுப்பிலிருந்து பிளஸ் 2 வரை அரசுப் பள்ளியிலேயே படித்தவர்களுக்குத் தொழிற்கல்விப் படிப்புகளில் 7.5 சதவீத உள் ஒதுக்கீடு 2021இல் சட்டமானது. கால்நடை மருத்துவமும் அதில் அடங்கும். எந்தெந்த வகுப்பு எந்தப் பள்ளி என்ற சான்றிதழை இப்போதே தலைமை ஆசிரியரிடம் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். தேர்வு முடிவு வந்த பிறகு அதற்காக அலைவதில் நாட்கள் போய்விடும்.

படிப்பு ஐந்தரை ஆண்டு: நாலரை ஆண்டு வகுப்பு, ஓராண்டு உள்ளிருப்புப் பயிற்சி. மனித மருத்துவம் படிப்பவர் ஓர் உடலைப் படிக்கிறார். இவள் மாடு, ஆடு, குதிரை, பன்றி, நாய், கோழி என்று பல உடல்களைப் படிக்க வேண்டும். ஒன்றுக்கு மருந்தாவது மற்றொன்றுக்கு நஞ்சாகும். நமக்குக் காய்ச்சலுக்குக் கொடுக்கும் பாராசிட்டமால் பூனையைக் கொன்றுவிடும். மாட்டின் வலிக்குப் போட்ட டைக்ளோஃபினாக், அந்த மாடு செத்த பிறகு அதைத் தின்ற பிணந்தின்னிக் கழுகுகளின் சிறுநீரகத்தைக் கெடுத்து, அவற்றை நாட்டிலிருந்தே ஏறக்குறைய துடைத்துவிட்டது. 2006இல் கால்நடைகளுக்கு அந்த மருந்து தடை செய்யப்பட்டது. ஒரு தொழுவத்தில் போட்ட ஊசி வானத்தில் பறக்கும் பறவையைப் போய்ச் சேரும் என்பதை எங்கள் தலைமுறை மருத்துவர்கள் மிகத் தாமதமாகக் கற்றுக்கொண்டோம். இன்றும் அதை நினைத்தால் மனம் கனக்கிறது.

உடம்புக்கு வரும் ஆபத்தையும் மறைக்கக் கூடாது. உதை, கடி, கொம்புக் குத்து எல்லாம் உண்டு. கண்ணுக்குத் தெரியாதது புருசெல்லா என்ற கிருமி: கருக்கலைந்து கன்று வீசிய மாட்டின் நஞ்சுக்கொடியை வெறும் கையால் எடுத்து, மாதக்கணக்கில் காய்ச்சலோடு படுத்த சக மருத்துவர்கள் எனக்கு உண்டு. உறை இல்லாமல் கையை விடாதே என்று முதல் நாளே அவளுக்குச் சொல்லிவிடுங்கள். வெறிநோய்க்கு, கடி வாங்கும் முன்பே போட்டுக்கொள்ளும் தடுப்பூசித் தவணைகளை, படிப்பில் சேர்ந்தவுடன் முடித்துவிட வேண்டும்.

பிழைப்பைப் பற்றிக் கேட்டீர்கள். பட்டம் பெற்று மாநில கால்நடை மருத்துவ மன்றத்தில் பதிவு செய்த பிறகே வைத்தியம் பார்க்க முடியும். அரசில் கால்நடை உதவி மருத்துவர் பணிக்கு டி.என்.பி.எஸ்.சி. வழியாகத் தேர்வு நடக்கும். அறிவிப்பு ஆண்டுதோறும் வராது. காத்திருக்கும் ஆண்டுகளில் ஆவின் ஒன்றியங்கள், நாமக்கல் பக்கத்துக் கோழிப்பண்ணைகள், தீவன, மருந்து நிறுவனங்கள், நகரத்துச் செல்லப்பிராணி மருத்துவமனைகள் என்று வேலை கிடைக்கும். தொடக்கச் சம்பளம் சில இடங்களில் ஏமாற்றமாக இருக்கும். இரண்டு ஆண்டு முதுநிலைப் பட்டத்தில் அறுவை சிகிச்சையோ, சினை, பிரசவம் பற்றிய ஈனியலோ படித்தவர்களுக்கு மதிப்பு கூடுகிறது. பட்டினி கிடக்கும் தொழில் இல்லை. ஆனால் பணம்தான் முதல் நோக்கம் என்றால், இதே உழைப்புக்கு வேறு துறைகள் கூடுதலாகத் தரும்.

இடம் கிடைக்காவிட்டால்? இங்கேதான் பெற்றோர்கள் அவசரப்பட்டு எதிலாவது சேர்த்துவிடுகிறார்கள். அதே பல்கலைக்கழகத்தில் பால், உணவு, கோழியினத் தொழில்நுட்பங்களில் பி.டெக். இருக்கிறது. நல்ல படிப்புகள்தான். ஆனால் வேலை பெரும்பாலும் ஆலையிலும் ஆய்வகத்திலும். நோயுற்ற விலங்குக்கு வைத்தியம் பார்ப்பது அதில் வராது. அவளுக்கு எது வேண்டும் என்று கேட்டுவிட்டு முடிவு செய்யுங்கள். நாகப்பட்டினத்தில் மீன்வளப் பல்கலைக்கழகம் இருக்கிறது; கடல், குளம், இறால் என்று ஆர்வம் இருந்தால் அது நல்ல வழி.

காட்டு விலங்குகள்தான் ஆசை என்றால், விலங்கியலில் இளநிலை முடித்துவிட்டு வனவிலங்கு உயிரியலில் முதுநிலை படிக்கலாம். மயிலாடுதுறை அருகே மன்னம்பந்தலில் உள்ள ஏ.வி.சி. கல்லூரியிலும் உதகை அரசுக் கல்லூரியிலும் அந்தப் படிப்பு இருக்கிறது. டேராடூனில் உள்ள இந்திய வனவிலங்கு நிறுவனம் நுழைவுத் தேர்வு வைத்துச் சேர்க்கிறது. ஆனால் ஒன்றை அவளுக்குத் தெளிவாகச் சொல்லுங்கள்: வனவிலங்கு ஆய்வாளர் விலங்கைத் தொடுவது அரிது. யானையின் சாணக் குவியல்களை எண்ணுவார், தானியங்கிக் கேமராவில் விழுந்த புலியின் வரிகளை ஒப்பிடுவார், ஓர் ஆண்டு முழுவதும் ஒரு மலைச்சரிவில் நடந்து குறிப்பெடுப்பார். தூரத்தில் நின்று நேசிக்கத் தெரிந்தவர்களுக்கு அது மிக நல்ல வாழ்க்கை.

யானை முகாம்களில் பாகன் வேலையும், பாகனுக்கு உதவியாளரான காவடி வேலையும் இருக்கின்றன. அவை பெரும்பாலும் மலைவாழ் மக்கள் தலைமுறை தலைமுறையாகக் காத்துவரும் அறிவு. சான்றிதழ்ப் படிப்பால் வருவதில்லை. முதுமலை தெப்பக்காட்டில் தாயில்லா யானைக் குட்டிகளை வளர்த்த பெள்ளி அம்மாவை, தமிழக அரசு 2023இல் மாநிலத்தின் முதல் பெண் காவடியாக நியமித்தது. அந்தச் செய்தியை அவளோடு சேர்ந்து படியுங்கள். பட்டம் இல்லாமலும் விலங்குகளைப் புரிந்துகொண்டவர்கள் இருக்கிறார்கள் என்பது அவளுக்குத் தெரிய வேண்டும்.

ஒரே ஓர் எச்சரிக்கை. 'ஆறு மாதத்தில் கால்நடை மருத்துவர் ஆகலாம்' என்று யாராவது துண்டறிக்கை கொடுத்தால் பணம் கட்டிவிடாதீர்கள். குறுகிய காலப் பயிற்சிகள் கோழி வளர்ப்புக்கும் ஆட்டுப் பண்ணைக்கும் பயன்படும். அவற்றை மாவட்டங்களில் உள்ள பல்கலைக்கழகப் பயிற்சி மையங்களே நடத்துகின்றன. ஆனால் அந்தச் சான்றிதழை வைத்துக்கொண்டு மருத்துவராகத் தொழில் செய்வது சட்டப்படி குற்றம். வேறு மாநிலக் கல்லூரி என்றால் இந்திய கால்நடை மருத்துவ மன்றத்தின் அங்கீகாரம் இருக்கிறதா என்று பார்த்த பிறகே சேருங்கள்.

மருந்தகத்துக்குப் போகும்போது பழைய உடையும் கால் முழுவதும் மூடிய காலணியும் போட்டுக்கொள்ளட்டும். மாட்டின் பின்னால் நிற்கக் கூடாது. ஒரு நோட்டு கொண்டுபோய், வந்த விலங்கு, சொன்ன குறை, கொடுத்த மருந்து என்று எழுதி வரட்டும். அரையாண்டு விடுமுறையில் பத்து நாளும் போக முடியாமல் போனால், மாட்டுப் பொங்கலுக்கு மறுநாள் காலையிலாவது கட்டாயம் அனுப்புங்கள். முந்தின நாள் ஆசையாக ஊட்டிய பொங்கலும் சோறும் மாட்டின் வயிற்றில் புளித்து அமிலமாகி, அசை போடாமல், வயிறு உப்பி நிற்கும் மாடுகள் வரிசையாக வரும். மருத்துவர் என்ன செய்கிறார், உரிமையாளரிடம் என்ன சொல்கிறார் என்று அவள் பார்த்துவிட்டு வந்து உங்களிடம் சொன்னதை, எனக்கும் ஒரு கடிதமாக எழுதுங்கள்.