ஏஞ்சல் மீன் முட்டை வெள்ளையாகிறது, பொரித்த குஞ்சும் நிற்கவில்லை

கேள்வி: தாம்பரத்தில் வசிக்கிறேன். மூன்றடித் தொட்டியில் ஒரு ஜோடி ஏஞ்சலும் சில டெட்ரா, கௌராமி மீன்களும் உள்ளன. ஏஞ்சல் ஜோடி ஃபில்டர் குழாயில் மூன்று முறை முட்டையிட்டுவிட்டது. முதல் இரண்டு முறை மறுநாளே முக்கால்வாசி வெள்ளையாகி, மிச்சத்தைப் பெற்றோரே தின்றுவிட்டன. மூன்றாம் முறை குழாயோடு வேறு தொட்டிக்கு மாற்றினேன். கொஞ்சம் பொரித்து நீந்தவும் ஆரம்பித்தன. அவித்த முட்டையின் மஞ்சள் கரு போட்டேன். ஒரே வாரத்தில் எல்லாம் செத்துவிட்டன. போர் தண்ணீர்தான், டிடிஎஸ் (தண்ணீரில் கரைந்துள்ள உப்புகளின் அளவு) 900. குஞ்சு வளர்த்துக் கடைகளுக்குக் கொடுக்க ஆசை. பெரிய முதலீடு இல்லாமல் முடியுமா? இதே தண்ணீரில் மலாவி சிக்லிட் (ஆப்பிரிக்காவின் மலாவி ஏரி மீன்) வளர்க்கலாமா?

பதில்: முடியும். ஆனால் உங்களுக்கு இருப்பது ஒரு பிரச்சினை இல்லை, இரண்டு. முட்டை வெள்ளையானதற்குக் காரணம் வேறு, குஞ்சு செத்ததற்குக் காரணம் வேறு.

முட்டை வெள்ளையாகிறது என்றால் முதலில் வரும் சந்தேகம், இரண்டுமே பெண்ணோ என்பதுதான். ஏஞ்சலில் இரண்டு பெண்கள் ஜோடி போட்டு முட்டையிடுவது சாதாரணம். உங்களிடம் மூன்றாம் முறை குஞ்சு வந்திருப்பதால் அந்தச் சந்தேகம் இல்லை, ஆண் இருக்கிறது. வேண்டுமானால் அடுத்த முறை முட்டையிடும்போது வயிற்றுக்கு அடியில் நீட்டிக்கொண்டிருக்கும் சிறு குழாயைப் பாருங்கள். ஆணுக்கு மெல்லிசாகக் கூராக இருக்கும், பெண்ணுக்குத் தடித்து மழுங்கியிருக்கும். மற்ற நாட்களில் பார்த்து ஆண் பெண் சொல்வது கஷ்டம். கடைக்காரர் சொன்னாலும் நம்ப வேண்டாம்.

அப்படியானால் குற்றவாளி தண்ணீர்தான். ஏஞ்சல் அமேசான் ஆற்றுப் படுகை மீன். அங்கே உப்புச்சத்து மிகக் குறைந்த, லேசான அமிலத் தன்மையுள்ள தண்ணீர். 900 டிடிஎஸ்ஸில் அது தின்று, வளர்ந்து, முட்டையும் போடும்; முட்டை சரியாகக் கருவுறாது. கருவுறாத முட்டை வெள்ளையாகிப் பூசணம் பிடிக்கும், அது பக்கத்தில் உள்ள நல்ல முட்டைக்கும் பரவும். வீட்டில் ஆர்ஓ சுத்திகரிப்புக் கருவி இருந்தால் அந்த நீரில் கொஞ்சம் போர் தண்ணீர் கலந்து டிடிஎஸ் 150 முதல் 200க்குள் கொண்டுவாருங்கள். ஒரே நாளில் மாற்றிவிடாதீர்கள். ஒரு வாரம், பத்து நாள் எடுத்துக்கொண்டு படிப்படியாகக் குறையுங்கள்.

ஜோடிக்குத் தனித் தொட்டி கட்டாயம். இரண்டடி நீளம், ஒன்றரை அடி உயரம் போதும். மணல், அலங்காரம் எதுவும் வேண்டாம். காற்று பம்ப்பில் ஓடும் ஒரு ஸ்பாஞ்ச் ஃபில்டர், 27-28 டிகிரியில் ஒரு ஹீட்டர், சாய்த்து வைத்த ஒரு சிலேட்டு அல்லது பிவிசி குழாய்த் துண்டு. டெட்ரா பக்கத்தில் சுற்றிக்கொண்டிருந்தால் பெற்றோர் பதறி முட்டையைத் தின்றுவிடும். இளம் ஜோடி முதல் சில தடவை தின்பது எப்படியும் நடக்கும், அதற்காக ஜோடியைப் பிரித்துவிடாதீர்கள்.

முட்டையிடும் நாளைக் கண்டுபிடிப்பது சுலபம். இரண்டும் சேர்ந்து சிலேட்டை வாயால் கொத்திக் கொத்திச் சுத்தம் செய்யும். அப்புறம் பெண் கீழிருந்து மேலாக ஊர்ந்து வரிசையாக முட்டையை ஒட்டும், ஆண் பின்னாலேயே போகும். ஒன்றிரண்டு மணி நேரத்தில் வேலை முடியும். முடிந்ததும் சிலேட்டை எடுத்து, அதே தொட்டித் தண்ணீர் நிரப்பிய பத்து லிட்டர் தொட்டியில் வையுங்கள். காற்றுக் குமிழ் முட்டை மேல் நேராக அடிக்காமல் பக்கவாட்டில் போக வேண்டும். பூசணத்தைத் தடுக்கும் மெத்திலீன் ப்ளூ மருந்து சில சொட்டு, தண்ணீர் வெளிர் நீலமாகும் அளவுக்கு. முட்டை தேன் நிறத்தில் கண்ணாடி போல இருந்தால் நல்லது. வெள்ளையானதைச் சொட்டுக் குழாயால் உறிஞ்சி எடுத்துவிடுங்கள்.

இரண்டிலிருந்து இரண்டரை நாளில் பொரிக்கும். பொரித்தவை உடனே நீந்தாது. தலையில் உள்ள பசையால் சிலேட்டில் ஒட்டிக்கொண்டு வாலை மட்டும் துடிதுடிக்கும். இந்த நான்கைந்து நாளும் வயிற்றில் இருக்கும் மஞ்சள் கருவே அதற்குச் சாப்பாடு. வெளியிலிருந்து எதுவும் போடக் கூடாது. தினம் கொஞ்சம் தண்ணீர் மாற்றி நீல நிறத்தைக் குறைத்துவந்தால் போதும்.

அடுத்து உங்கள் இரண்டாவது பிரச்சினை. மஞ்சள் கருவில் குஞ்சு தின்பது கொஞ்சம்தான், மிச்சம் அடியில் தங்கி அழுகும். சின்னத் தொட்டியில் அமோனியா ஏறிவிடும். ஒரு வாரத்தில் மொத்தமும் போனதற்கு இதுதான் காரணமாக இருக்கும். ஏஞ்சல் குஞ்சுக்கு முதல் உணவு உயிருள்ள ஆர்ட்டீமியாதான், அதாவது உப்பு நீரில் வளரும் பொடி இறால் வகைப் பூச்சி. மாற்று தேடி நேரத்தை வீணாக்காதீர்கள். குஞ்சு நீந்த ஆரம்பித்த பிறகு ஆர்ட்டீமியா வாங்க ஓடினால் காரியம் கெட்டுவிடும். நீந்துவதற்கு முந்தின நாளே அது ஊறிக்கொண்டிருக்க வேண்டும்.

முறை இதுதான். தண்ணீர் பாட்டிலின் அடியை வெட்டிக் கவிழ்த்து வையுங்கள். ஒரு லிட்டர் தண்ணீருக்கு 25-30 கிராம் கல் உப்பு, அரை டீஸ்பூன் ஆர்ட்டீமியா முட்டை, நல்ல வேகத்தில் காற்று, மேலே ஒரு விளக்கு. 28 டிகிரியில் ஒரு நாளில் பொரிந்துவிடும். காற்றை நிறுத்திப் பத்து நிமிடம் விட்டு, அடியில் டார்ச் காட்டினால் ஓடு மேலே மிதக்கும், ஆரஞ்சு நிறப் பூச்சிகள் அடியில் கூடும். ஏர் டியூப் வழியாக அவற்றை மட்டும் மெல்லிய துணியில் இறக்கி, நல்ல தண்ணீரில் அலசிப் போடுங்கள். ஓடு சேர்ந்து போனால் குஞ்சின் குடலை அடைக்கும். பொரித்த சில மணி நேரத்திலேயே சத்து குறையத் தொடங்கும். அதனால் இரண்டு பாட்டிலை மாற்றி மாற்றி ஓட்டுங்கள். தினம் நான்கு வேளை, கொஞ்சம் கொஞ்சமாக. தின்ற குஞ்சின் வயிறு ஆரஞ்சாக உப்பித் தெரியும். அது தெரிந்தால் போதும், மேற்கொண்டு போட வேண்டாம்.

குஞ்சுத் தொட்டிக்கும் ஸ்பாஞ்ச் ஃபில்டர்தான், அதுவும் பழைய தொட்டியில் ஓடிப் பழகியது. மோட்டார் ஃபில்டர் குஞ்சை உறிஞ்சிவிடும். தினம் கால்வாசித் தண்ணீர் மாற்றுங்கள், அடிக்கழிவை ஏர் டியூபால் இழுத்துவிடுங்கள். மூன்று வாரத்துக்குப் பிறகு தூள் தீவனம் கலந்து பழக்கலாம்.

விற்பனைக்கு வருவோம். ஒரு ஈட்டில் முந்நூறு முட்டை சர்வசாதாரணம், எல்லாவற்றையும் வளர்க்க ஆசை வரும். இடம் இல்லாமல் நெருக்கி வளர்த்த ஏஞ்சலுக்குத் துடுப்பு நீளாது, கொளத்தூர் அலங்கார மீன் கடைக்காரர்கள் பார்த்த உடனே ஒதுக்கிவிடுவார்கள். கோணல், செவுள் மூடி இல்லாதது ஆகியவற்றை ஆரம்பத்திலேயே கழித்துவிட்டு, உங்கள் இடத்துக்கு ஐம்பது அறுபது வளர்த்தாலே போதும். இரண்டு மாத அளவில் உடல் ஒரு ரூபாய் நாணய அளவுக்கு வரும், அப்போது கொடுக்கலாம். முட்டையை எடுத்துவிட்டால் ஜோடி இரண்டு வாரத்துக்குள் மறுபடி இடும். நன்றாகத் தின்னக் கொடுங்கள். பெண் மெலிந்து தெரிந்தால் நடுவே தடுப்பு வைத்துப் பிரித்து ஓய்வு கொடுங்கள்.

மலாவிக்கு உங்கள் போர் தண்ணீர் பொருத்தம்தான். அந்த ஏரியின் தண்ணீரே காரத்தன்மை உள்ளது. உண்மையில் உங்களுக்கு அதுதான் சுலபமான தொழில். தாய் முட்டையை வாயிலேயே மூன்று வாரம் வைத்துப் பொரிக்கும். வெளியே வரும் குஞ்சு பெரிது, தூள் தீவனத்தையே தின்னும், ஆர்ட்டீமியா கட்டாயமில்லை. ஒரு ஈட்டில் சில பத்துக் குஞ்சுகள்தான் கிடைக்கும். ஏஞ்சலோடு மட்டும் சேர்த்துவிடாதீர்கள். தண்ணீரும் ஒத்துவராது, ஏஞ்சலின் துடுப்பையும் கிழித்துவிடும்.