மலையில் புல் இருந்தால் வயலில் மான் இருக்காது: வாசகர் கேள்வி – பதில்

அமெரிக்காவின் கொலராடோ, மொன்டானா, வயோமிங் மாநிலங்களில் எல்க் மான் மந்தைகளுக்கும் மாட்டுப் பண்ணையாளர்களுக்கும் இடையே தீராமல் நடக்கும் இழுபறி பற்றிச் சென்ற இதழில் எழுதியிருந்தோம். விலங்குகள் வாழும் இடத்தைச் சீர்செய்வதுதான் நிலைத்த வழி என்று அதில் சொல்லியிருந்தோம். அதையொட்டி வந்த கேள்விகளில் சில இங்கே.

கேள்வி: மலை முழுக்கக் காடு இருக்கும்போது எல்க் ஏன் பண்ணைக்கு வருகிறது? அப்படி எவ்வளவுதான் தின்றுவிடும்? – வாசகர், தாராபுரம்

காடு இருக்கிறது, புல் குறைந்துவிட்டது. எல்க் நம் கடமானுக்கு உறவுக்கார இனம். புல்லை அதிகம் நம்பி வாழ்வது. வளர்ந்த பெண் எல்க் சுமார் 225 கிலோ எடை இருக்கும். தன் எடையில் 2 முதல் 2.5 சதவீதம், அதாவது தினமும் சுமார் 5 கிலோ உலர்தீவனம் அதற்கு வேண்டும். 200 உருப்படி உள்ள மந்தை ஒரு நாள் மேய்ந்தால் ஒரு டன் போய்விடும். மிதிபட்டதும் மூத்திரம் பட்டதும் தனிக் கணக்கு. அந்தப் புல்லை மாடு முகர்ந்து பார்த்துவிட்டு நகர்ந்துவிடும்.

பனி ஆழமாகும்போது பள்ளத்தாக்குக்கு இறங்குவது எல்க்கின் பழைய வழக்கம். அதே ஆற்றோரச் சமவெளியில்தான் பண்ணைகளும் வந்தன, உலர்புல்லும் குதிரைமசாலும் விளைகின்றன. அதை யாரும் மாற்ற முடியாது. கெட்டுப்போனது மலைச்சரிவின் நடுப்பகுதி. நூறு ஆண்டுகளாகக் காட்டுத்தீயை உடனுக்குடன் அணைத்ததால் ஜூனிபர், பின்யோன் பைன் மரங்கள் புல்வெளிக்குள் புகுந்து அடைத்துக்கொண்டன. நிழலில் புல் நலிந்தது. இலையுதிர் காலத்தில் மந்தை தங்கி மேய வேண்டிய இடம் அது. அங்கே ஒன்றும் கிடைக்காவிட்டால் பனி விழும் முன்பே வயலுக்கு வந்துவிடுகிறது.

கேள்வி: ‘சீர்செய்வது’ என்றால் சரியாக என்னென்ன வேலை? எது தவறிப்போகும்? – வாசகர், கோபிசெட்டிபாளையம்

முதல் வேலை மரத்தைக் குறைப்பது. கனரக இயந்திரத்தால் ஜூனிபரை நின்ற இடத்திலேயே அரைத்துத் தூளாக்குவார்கள், அல்லது வாளால் அறுத்துச் சாய்ப்பார்கள். மொத்தச் சரிவையும் மொட்டையடிப்பதுதான் இதில் நடக்கும் பெரிய பிழை. ஒளிந்துகொள்ள மறைவு இல்லாத இடத்தில் எல்க் பகலில் நிற்காது. மேய்ச்சல் 60 பங்கு, மறைவு 40 பங்கு என்பது 1970-களின் இறுதியில் ஓரிகான் மாநில வனவியலாளர்கள் வகுத்த பழைய அளவு. இன்றும் தொடங்குவதற்கு நல்ல அளவுதான். திறப்புகளை வளைந்து நெளிந்த ஓரங்களோடு, சின்னச் சின்னதாக வெட்ட வேண்டும். நடுவில் நிற்கும் மானுக்கு 200 மீட்டருக்குள் மரமறைவு இருக்க வேண்டும்.

அடுத்தது திட்டமிட்ட தீ. இதில் இடம் பார்க்காமல் கொளுத்தினால் கெடுதலே மிஞ்சும். தாழ்வான, வெயில் விழும் தெற்குச் சரிவுகளில் ‘சீட்கிராஸ்’ என்ற அயல் ஓராண்டுப்புல் காத்திருக்கும். இலையுதிர் காலத்தில் முளைத்து, கோடை தொடங்கும்போதே காய்ந்து வாய் குத்தும் கூளமாகிவிடும் புல் அது. எரித்த நிலத்தை முதலில் பிடிப்பது அதுதான். மறுபடி தீ பரவ எரிபொருளாவதும் அதுதான். எனவே எரிக்குமுன் நிலத்தில் நடந்து பாருங்கள். பழைய பல்லாண்டுப் புல் குத்துகள் போதுமான நெருக்கத்தில் இருந்தால் தீயைத் தாங்கித் தழையும். இல்லையென்றால் தீ வேண்டாம். சீட்கிராஸ் முளைக்கும் முன், கோடையின் கடைசியில் முளைதடுப்புக் களைக்கொல்லி அடித்து அடக்கிவிட்டுத்தான் விதைக்க வேண்டும். அந்த மருந்தின் வீரியம் மண்ணில் தங்கினால் நாம் விதைக்கும் புல்லும் முளைக்காது. லேபிளில் உள்ள இடைவெளியைக் குறைக்கக் கூடாது.

விதைக்க ஏற்ற பருவம் நிலம் உறையும் தறுவாய். விதை பனிக்கடியில் உறங்கி வசந்தத்தில் எழும். விதைப்புக் கருவியில் ஒரு சென்டிமீட்டர் ஆழத்துக்கு மேல் போகக் கூடாது. கையால் தூவினால் விதை இரு மடங்கு வேண்டும். எரித்த அல்லது விதைத்த நிலத்தில் இரண்டு வளர்பருவம் மாடு இறங்கக் கூடாது. முதல் வருடப் பசுமையைப் பார்த்து ஆசைப்பட்டு மாட்டை அவிழ்த்துவிட்டால் வேர் பிடிக்காத நாற்று மண்ணோடு பிடுங்கிக்கொண்டு வரும். செலவு செய்த பல திட்டங்கள் வீணானது இந்த ஒரு இடத்தில்தான்.

தண்ணீர்: ஊற்றுக்கண்ணைச் சுற்றி வேலியிட்டு, துளையிட்ட குழாயைச் சரளைக்கல்லுக்குள் புதைத்து, கீழே உள்ள தொட்டிக்குக் கொண்டுவர வேண்டும். மிகுநீர் குழாய் வழியே பழைய ஓடைக்கே திரும்ப வேண்டும், இல்லையேல் தொட்டியடி சேறாகிக் குளம்பு புதையும். தொட்டி விளிம்பு 50 சென்டிமீட்டருக்கு மேல் போனால் குட்டிக்கு எட்டாது. உள்ளே விழும் பறவையும் சிறு விலங்கும் ஏறிவரச் சாய்தளம் ஒன்று அவசியம். அது தொட்டிச் சுவரை ஒட்டி, அடிவரை இறங்க வேண்டும். நடுவில் தொங்கும் தளத்தின் அடியில் விலங்கு சிக்கிக்கொள்ளும்.

இவ்வளவும் செய்து, அந்த இடத்துக்கு வண்டிப்பாதையைத் திறந்தே வைத்திருந்தால் பயனில்லை. வேட்டைப் பருவத்தில் எல்க் வண்டிச்சத்தத்தை விட்டு விலகி, வேட்டைக்கு அனுமதியில்லாத தனியார் பண்ணைக்குள் போய் நின்றுகொள்ளும். திறந்த பாதையிலிருந்து 800 மீட்டர் தள்ளி, 100 ஹெக்டேருக்குக் குறையாத மறைவு வேண்டும் என்பது மொன்டானாவில் 1991 முதல் பேசப்படும் அளவு. பருவத்தில் பாதையை மூடச் செலவு மிகக் குறைவு. ஆனால் எதிர்ப்பு வருவது இதற்குத்தான் அதிகம்.

கேள்வி: மாடு மேய்ந்தால் மானுக்குப் புல் குறையும். இரண்டும் எப்படி ஒத்துப்போகும்? – வாசகர், புதுக்கோட்டை

காலத்தைப் பொறுத்தது. ஓரிகானின் பிரிட்ஜ் கிரீக்கில் 1960-களில் தொடங்கிய முறை இது: வசந்தத்தின் பின்பகுதியில் மாட்டை மேய விட்டு, மண்ணில் ஈரம் இருக்கும்போதே வெளியேற்றிவிடுவது. மேய்ந்த புல் மறுபடி தழைக்கும். கதிர் வாங்கி வைக்கோலாக முற்றுமுன் குளிர் வந்துவிடுவதால் சத்தோடு காய்ந்து நிற்கும். குளிர்காலத்தில் எல்க் தேடுவது அந்தப் புல்லைத்தான். மேயாமல் விட்ட முரட்டுப் புல்லை அது ஒதுக்கிவிடும்.

மாடு எடுப்பது பாதிக்கு மேல் போகக் கூடாது. வசந்தமழை பொய்த்த ஆண்டில் இந்த முறையைக் கைவிடுங்கள்; மறுதழைவு வராது, மானுக்கும் மாட்டுக்கும் வெறுந்தரைதான் மிஞ்சும்.

கேள்வி: நல்ல வேலி போட்டால் முடிந்துவிடாதா? – வாசகர், வேடசந்தூர்

குவித்து வைத்த உலர்புல் போருக்கு வேலி போடலாம், போடவும் வேண்டும். 2.4 மீட்டர் உயரத்தில் பின்னல் கம்பி, ஒரு மீட்டருக்கு மேல் புதைத்த கம்பங்கள். பலவீனம் எப்போதும் கேட்டில்தான்: அடியில் இடைவெளி, அல்லது பனி குவிந்து மேடாகி மான் நடந்தே உள்ளே இறங்கிவிடும். காற்று பனியைக் கொண்டுவந்து கொட்டும் பக்கத்தில் கேட்டை வைக்காதீர்கள்.

மேய்ச்சல் நிலத்துக்கு அவ்வளவு உயரம் கூடாது; விலங்கின் வழியையே அடைத்துவிடும். யூட்டா, கொலராடோ மாநிலங்களில் நடந்த ஓர் ஆய்வில், சராசரியாக 4 கிலோமீட்டர் வேலிக்கு ஆண்டுக்கு ஒரு விலங்கு சிக்கிச் செத்தது தெரிந்தது. மான் தாவும்போது பின்னங்கால்களை வயிற்றுக்கு முன்னே மடக்குகிறது. மேல் இரண்டு கம்பிகள் நெருங்கி இருந்தால் பாதம் இரண்டுக்கும் நடுவே புகுந்து, உடல் எடையில் கம்பிகள் கத்தரிபோல் முறுக்கிக்கொள்ளும். பிறகு தலைகீழாகத் தொங்க வேண்டியதுதான்.

நான்கு கம்பி வேலிக்குத் தரையிலிருந்து 46, 58, 71, 102 சென்டிமீட்டர் என்று அளந்து கட்டுங்கள். மேல் இரண்டுக்கும் இடையே 30 சென்டிமீட்டர் கட்டாயம். உச்சிக்கம்பியும் அடிக்கம்பியும் முள் இல்லாததாக இருக்கட்டும். பிராங்ஹார்ன் என்ற, மறிமான் போன்ற விலங்கு வேலியைத் தாவுவது அரிது, அடியில் நுழைந்துதான் போகும். முள் இருந்தால் முதுகு கிழியும். மாடு இல்லாத மாதங்களில் கம்பியைக் கழற்றித் தரையில் கிடத்திவைக்கும் வேலியும் உண்டு. மந்தை கடக்கும் தடத்தில் அதுவே சிறந்தது.

கேள்வி: பனிக்காலத்தில் மலையிலேயே தீவனம் போட்டுவிடலாமே? – வாசகர், ஓசூர்

வயோமிங்கில் பல தலைமுறையாகப் போடுகிறார்கள். 1912-இல் அமைந்த தேசிய எல்க் சரணாலயத்திலும் போடுகிறார்கள். விளைவு, ஆயிரக்கணக்கான விலங்குகள் ஒரே இடத்தில் முட்டி நிற்கின்றன. கன்று வீச வைக்கும் புரூசெல்லா நோய் பரவ அதைவிடத் தோதான இடம் கிடையாது. வீசிய கருவை முகரும் விலங்குக்குத் தொற்றும். பிப்ரவரி முதல் ஜூன் வரை ஆபத்து அதிகம். பண்ணை மாட்டுக்கு அது வந்தால் மந்தையையே தனிமைப்படுத்த நேரும். அது போதாதென்று, மான் இனங்களைத் தாக்கும், மருந்தே இல்லாத ‘நாட்பட்ட உருக்குலைவு நோய்’ மண்ணிலும் தங்குகிறது. கொலராடோவில் மான்களுக்குத் தீவனமோ உப்போ வைப்பது சட்டப்படி குற்றம்.

கேள்வி: புல் கூடினால் மானும் பெருகுமே? – வாசகர், ராசிபுரம்

பெருகும். ஆகவே பெண் எல்க் வேட்டை உரிம எண்ணிக்கையையும் சேர்த்தே சரிசெய்ய வேண்டும். மேய்ச்சலை மட்டும் வளர்த்தால் பத்து ஆண்டில் பிரச்சினை அதே இடத்துக்கு வந்து நிற்கும். செலவுக்கும் அந்த உரிமம்தான் வழி. கொலராடோவில் பெருவிலங்கு வேட்டை உரிம வருவாயில் 5 சதவீதம் இந்தப் பணிக்கு ஒதுக்கப்படுகிறது. அதைப் பிரிக்கும் வட்டாரக் குழுவில் அரசு அதிகாரிகளோடு கால்நடை வளர்ப்போர் மூவரும் வேட்டைக்காரர் தரப்பில் ஒருவரும் இருக்கிறார்கள். நிலத்தை அறிந்தவர்களிடம் முடிவு இருப்பதால்தான் அந்தத் திட்டம் ஓடுகிறது.

கேள்வி: எங்கள் பக்கம் உண்ணிச்செடி காட்டை மூடிவிட்டது. பட்டி மாடும் புள்ளிமானும் காட்டெருமையும் மிச்சப் புல்லுக்கு அடித்துக்கொள்கின்றன. இதில் எது பொருந்தும்? – வாசகர், தாளவாடி

அங்கே ஜூனிபர் செய்ததை இங்கே உண்ணிச்செடி செய்கிறது. ஆனால் அரைப்பதும் எரிப்பதும் இதற்கு ஆகாது. தூரில் நாலு பங்காகத் துளிர்க்கும். தரைக்குச் சில சென்டிமீட்டர் கீழே, துளிர்விடும் பகுதிக்கு அடியில் ஆணிவேரை வெட்டி, புதரைத் தூக்கித் தலைகீழாகக் காயப்போட வேண்டும். காய் பிடிக்கும் முன் செய்யுங்கள், பழம் தின்னும் பறவைகள் விதையைப் பரப்பிவிடும். வெட்டிய இடத்தை அந்த மழையிலேயே உள்ளூர்ப் புல் விதைத்து மூடுங்கள். அடுத்த மூன்று நான்கு மழைக்கும் நாற்றைக் கையால் பிடுங்கியாக வேண்டும். அதற்குக் கூலி ஒதுக்காத திட்டத்தைத் தொடங்கவே வேண்டாம். காப்புக்காடு என்றால் வனத்துறை அனுமதி இல்லாமல் மண்வெட்டி வைக்க முடியாது. அயல் களைத்தாவரங்களை அகற்றுவதற்கென்று தமிழக அரசு 2022-இல் தனிக்கொள்கை வெளியிட்டிருக்கிறது. மனுவில் அதைக் குறிப்பிட்டு, பட்டி இருக்கும் இடத்தையும் மாடு மேயும் தடத்தையும் வரைபடத்தில் குறித்து வனச்சரகரிடம் கொடுங்கள்.