அந்த ஒரு வரிப் பதிலை மகளிடம் காட்டுங்கள்

கேள்வி: கலிபோர்னியாவில் இருபது ஆண்டுகளாக வசிக்கிறோம். என் மகளுக்கு 19 வயது. பத்து வயதிலிருந்து, பேஸ்பாலைப் போன்ற சாஃப்ட்பால் ஆடுகிறாள்; பந்து வீச்சுதான் அவளுடைய பலம். கிளப் அணி, தனிப் பயிற்சி, வெளியூர்ப் போட்டிகள் என்று கணக்குப் பார்க்காமல் செலவழித்தோம். பல்கலைக்கழக அணி எதுவும் அழைக்காததால் இப்போது ஒரு கம்யூனிட்டி காலேஜில் (இரண்டாண்டுக் கல்லூரி) படித்துக்கொண்டு அங்குள்ள அணியில் இருக்கிறாள். முக்கியமான ஆட்டங்களில் தலைமைப் பயிற்சியாளர் அவளை உட்கார வைத்துவிடுகிறார். துணைப் பயிற்சியாளர்கள் இருவரில் ஒருவர் காலையில் பார்சல் வண்டி ஓட்டுபவர். மற்றவர் இரண்டு ஆண்டுகளுக்கு முன்பு அதே அணியில் ஆடிய பெண். என் மகளை எடைபோட இவர்களுக்கு என்ன தகுதி? கல்லூரியில் கேட்டால் பெற்றோரிடம் பேச இயலாது என்கிறார்கள். அதனால் மகளின் மின்னஞ்சலிலிருந்து, அவள் எழுதுவது போலவே, தலைமைப் பயிற்சியாளருக்கு இரண்டு கடிதங்கள் அனுப்பினேன். "நாளை பயிற்சிக்கு முன் என் அறைக்கு வா, பேசுவோம்" என்று ஒரு வரி வந்ததே தவிர முறையான பதில் இல்லை. மனம் சங்கடப்படுவாள் என்று அதை அவளிடம் காட்டவில்லை. விளையாட்டுத் துறை இயக்குநரிடம் புகார் கொடுக்கலாமா, அல்லது வேறு கல்லூரிக்கு மாற்றிவிடலாமா?

– பெயர் வெளியிட விரும்பாத தந்தை

பதில்: ஐயா, பயிற்சியாளருக்கு என் பிள்ளையின் அருமை தெரியவில்லை என்னும் மனக்குறை இந்தப் பகுதிக்குப் புதிதல்ல. கிரிக்கெட் என்றும் சதுரங்கம் என்றும் பரதநாட்டியம் என்றும் பெயர் மாறி அது வந்துகொண்டேதான் இருக்கிறது. உங்கள் கடிதத்தில் என்னை நிறுத்தியது வேறு. கடைசிப் பகுதியில், அனுமதி கேட்கவேண்டிய விஷயமே இல்லை என்பது போல, மகளின் பெயரில் நீங்கள் எழுதியதையும் அதற்கு வந்த பதிலை மறைத்ததையும் சொல்லிவிட்டுக் கடந்து போகிறீர்கள்.

முறையான பதில் இல்லை என்கிறீர்களே, இதைவிட முறையான பதில் எது? ஒரு மாணவி வருத்தத்தோடு எழுதியிருக்கிறாள் என்று நம்பிய ஆசிரியர், மின்னஞ்சலில் வாதாடிக்கொண்டிராமல், நேரில் வந்து பேசு என்று அழைத்திருக்கிறார். அந்த அழைப்பு உங்கள் மகளைச் சென்று சேரவே இல்லை. மறுநாள் அவர் அறையில் காத்திருந்திருப்பார். உங்கள் மகளோ எதுவும் நடவாதது போல நேராக மைதானத்துக்குப் போய், தோள்பையை ஆட்டக்காரர்கள் அமரும் டக்அவுட்டில் வைத்துவிட்டுக் காலணியின் கயிற்றைக் கட்டிக்கொண்டிருந்திருப்பாள். எழுத்தில் அத்தனை குறை சொல்லிவிட்டு நேரில் அழைத்தால் முகம் கொடுக்காத பெண் என்று அவளைப் பற்றி அவர் முடிவுகட்டியிருந்தால், அந்த முடிவுக்கு நீங்கள்தான் பொறுப்பு.

எனக்கு எழுதும்போதே துணைப் பயிற்சியாளர்களைப் பற்றி இவ்வளவு இளக்காரமாக எழுதியவர், அந்த இரண்டு கடிதங்களில் அவர்களை விட்டுவைத்திருப்பீர்கள் என்று நான் நம்பவில்லை. தன் கையெழுத்தோடு போன அந்த ஏளனத்தை அறியாமலே உங்கள் மகள் அன்றாடம் அவர்கள் முன்னால் போய் நிற்கிறாள். அவர்களில் எவரேனும் ஒருநாள் சற்று விலகிப் பேசியிருந்தால், தன் பந்து வீச்சில்தான் ஏதோ பிழை என்று அவள் இரவெல்லாம் யோசித்திருக்கக்கூடும். அவள் மனம் சங்கடப்படக் கூடாதென்றா மறைத்தீர்கள்? செய்தது தெரிந்தால் மகளின் முகத்தை நிமிர்ந்து பார்க்க முடியாது என்பதே காரணமாக இருக்கும் என்று எனக்குப் படுகிறது.

பெற்றோரிடம் பேச இயலாது என்று கல்லூரி சொன்னதையும் அவமதிப்பாக எடுத்துக்கொண்டிருக்கிறீர்கள். 1974-இல் வந்த ஃபெர்பா என்னும் அமெரிக்க மாணவர் தனியுரிமைச் சட்டத்தின்படி, பிள்ளை கல்லூரியில் சேர்ந்ததும் கல்விப் பதிவுகள் மீதான உரிமை பெற்றோரிடமிருந்து மாணவரின் கைக்குப் போய்விடுகிறது. ஆகவே மாணவரின் ஒப்புதல் இல்லாமல் அலுவலகத்தார் வாய் திறக்கத் தயங்குவார்கள். அந்த ஒப்புதலை நீங்கள் மகளிடம் கேட்டிருக்கலாம். கேட்டால் மறுப்பாளோ என்று பயந்து அவளாகவே ஆகிவிட்டீர்கள்.

இனி, அந்தத் தகுதிக் கேள்வி. கலிபோர்னியாவின் கம்யூனிட்டி காலேஜ்களில் விளையாட்டுக்கென்று உதவித்தொகை கிடையாது. பகுதிநேர ஆசிரியருக்கு முழுநேரப் பணியில் 67 சதவீதத்துக்கு மேல் வேலை தர மாநிலச் சட்டம் இடம் கொடுப்பதில்லை. பகுதிநேர ஆசிரியர்களாக அந்த வரம்புக்குள் நின்றுகொண்டு அணியை நடத்தும் தலைமைப் பயிற்சியாளர்கள் உண்டு. துணைப் பயிற்சியாளர்களுக்குப் பருவத்துக்கு ஒரு சிறு தொகை கிடைக்கும், சிலருக்கு அதுவும் இல்லை. ஆட்டத்தன்று முன்கூட்டியே வந்து மண்ணைச் சமன்செய்து, புழுதி அடங்கத் தண்ணீர் தெளித்து, சுண்ணாம்புக் கோடு போடுவது பெரும்பாலும் இவர்கள்தான். எதிரணிப் பெண் எந்தப் பந்தை எந்தப் பக்கம் அடித்தாள் என்று தாளில் குறித்துவைப்பதும், வெளியூர் ஆட்டத்துக்கு வண்டி ஏற்பாடு செய்வதும், எந்தப் பெண் எந்தப் பாடத்தில் பின்தங்குகிறாள் என்று விசாரிப்பதும் இவர்கள் தலையில் விழும். ஆட்டத்தில் கலந்துகொள்ள 12 யூனிட் (பாடங்களின் அளவைக் கணக்கிடும் அலகு) படித்துக்கொண்டிருக்க வேண்டும். இரண்டாவது பருவம் ஆட வேண்டுமானால் அதற்குள் 24 யூனிட்டை 4-க்கு 2.0 என்ற மதிப்பெண் சராசரியோடு முடித்திருக்க வேண்டும். மூன்றாவது பருவம் அங்கே கிடையாது. உங்கள் மகளின் யூனிட் கணக்கு அந்தப் பயிற்சியாளருக்குத் தெரிந்திருக்கும். உங்களுக்குத் தெரியுமா? கடிதத்தில் அவள் என்ன படிக்கிறாள் என்றுகூட நீங்கள் எழுதவில்லை.

முன்னாள் ஆட்டக்காரியான அந்த இளம்பெண்ணின் தகுதி என்ன என்று கேட்டிருக்கிறீர்கள். சாஃப்ட்பாலில் பந்து வீசும் கை முழு வட்டமாகச் சுழன்று இடுப்பருகே பந்தை விடுகிறது. 43 அடி தொலைவிலிருந்து வேகமாக வரும் பந்து அரை நொடிக்குள் மட்டையை எட்டிவிடும். கடைசி சில அடிகளில் அது இறங்குகிறதா, இறங்குவதாக ஏமாற்றிவிட்டு நேராக வந்துவிடுகிறதா என்பது பார்வையாளர் வரிசையில் மடக்கு நாற்காலி போட்டு உட்கார்ந்திருப்பவர் கண்ணுக்குத் தெரியாது. குந்தி அமர்ந்து அதைக் கையுறையில் வாங்குபவருக்குத் தெரியும். எதிரில் மட்டை பிடித்து நின்று பழகியவருக்குத் தெரியும். இரண்டு ஆண்டுகளுக்கு முன்பு வரை அதே கல்லூரிகளுக்கு எதிராக ஆடிய பெண்ணைவிட அந்தப் போட்டிகளின் தரம் தெரிந்தவரை எங்கே தேடுவீர்கள்? பார்சல் வண்டி ஓட்டுபவரைப் பற்றிச் சொல்லவே எனக்கு வருத்தமாக இருக்கிறது. விடியற்காலையில் எழுந்து குடும்பத்துக்குச் சம்பாதித்துவிட்டு, ஓய்வெடுக்கவேண்டிய பிற்பகலை ஊரார் பிள்ளைகளுக்குக் கொடுக்கும் மனிதரை, அவர் செய்யும் வேலையைக் காட்டித் தாழ்த்துவது நம் வீடுகளில் கற்றுக்கொடுக்கும் பண்பு அல்ல.

அந்தப் பயிற்சியாளர்களின் வாய்ச்சொல்லுக்கு இன்னொரு கனமும் உண்டு. கம்யூனிட்டி காலேஜில் ஆடும் பெண் பல்கலைக்கழக அணிக்குப் போக வேண்டுமானால், அங்குள்ள பயிற்சியாளர் இங்கே தொலைபேசியில் விசாரிப்பார். வீச்சின் வேகத்தை ஒளிப்பதிவில் பார்த்துக்கொள்ளலாம். அவர் கேட்டறிய விரும்புவது, தோற்ற ஆட்டத்துக்கு மறுநாள் இந்தப் பெண் எப்படி நடந்துகொள்கிறாள், தன் காரியத்தைத் தானே பேசிக்கொள்வாளா என்பதைத்தான். இத்தனை ஆண்டுச் செலவும் எந்தக் கதவுக்காக என்று சொல்கிறீர்களோ, அந்தக் கதவை இரண்டு மின்னஞ்சல்களில் நீங்களே சாத்தப் பார்த்திருக்கிறீர்கள்.

பயிற்சியாளர் உண்மையிலேயே ஓரவஞ்சனை செய்பவராக இருக்கலாம். அதை நான் மறுக்கவில்லை. ஆனால் அதைச் சொல்லவேண்டியவள் உங்கள் மகள். இத்தனை நீளக் கடிதத்தில் அவள் சொன்னதாக ஒரு வார்த்தையும் இல்லை. அவளுக்கு வருத்தமா, இந்த ஆட்டத்தில் இன்னும் ஆசை இருக்கிறதா என்பதும் இல்லை. பிள்ளைக்குச் செலவு செய்வது பெற்றவர் கடமை. அந்தச் செலவைக் காட்டிப் பிள்ளையின் குரலை எடுத்துக்கொள்வது கடமை ஆகாது, அபகரிப்பு. 19 வயதுப் பெண்ணுக்குத் தன் பெயரைத் தவிரச் சொந்தமாக அதிகம் இருக்காது. அதைக் காப்பது தந்தையின் பொறுப்பு என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

இயக்குநரிடம் புகார் கொடுக்காதீர்கள். மாணவி முதலில் பயிற்சியாளரிடம் பேசினாளா என்பதுதான் அவர் கேட்கப்போகும் முதல் கேள்வி, அதற்கு உங்களிடம் நேர்மையான பதில் இல்லை. இன்று இரவே மகளை உட்கார வைத்து அந்த இரண்டு கடிதங்களையும் வந்த பதிலையும் அவளிடம் காட்டுங்கள். உன் நன்மைக்காக என்று தொடங்க வேண்டாம். நான் செய்தது தவறு என்று தொடங்குங்கள். அவள் கோபப்பட்டால் குறுக்கே பேசாதீர்கள். அழுதால் அம்மாவை நடுவில் இழுக்காதீர்கள். மின்னஞ்சலின் கடவுச்சொல்லை உங்கள் எதிரிலேயே அவள் மாற்றட்டும். பிறகு அவள் சம்மதித்தால் மட்டும், உங்கள் சொந்த முகவரியிலிருந்து தலைமைப் பயிற்சியாளருக்கு மூன்று வரி எழுதுங்கள்: அந்தக் கடிதங்களை எழுதியது நான், மகளுக்கு அவற்றைப் பற்றித் தெரியாது, உங்களிடமும் துணைப் பயிற்சியாளர்கள் இருவரிடமும் மன்னிப்புக் கேட்கிறேன். ஆட்ட வாய்ப்பைப் பற்றி அதில் ஒரு சொல்லும் இருக்கக் கூடாது.

வேறு கல்லூரிக்கு மாறுவதா, அங்கேயே இரண்டாவது பருவம் ஆடுவதா, ஆட்டத்தையே விட்டுவிட்டுப் படிப்பைப் பார்ப்பதா என்பதை அவள் அந்தப் பயிற்சியாளரின் அறைக்குப் போய்ப் பேசிவிட்டு வந்து சொல்வாள். அந்த அறைக்கு அவளோடு நீங்கள் போக வேண்டாம். வண்டி நிறுத்துமிடத்தில் காத்திருக்கவும் வேண்டாம்.